மீன்கடகத்தோடு போன திருத்தம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உடுவிலில் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு ரியூட்டரியில், அதாவது தனியார் வகுப்பில், சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். அவன் தூங்கினானா என்பதே எந்நேரமும் என் யோசனை.

ஆங்கிலப் பரீட்சைக்கு முதல்நாள் காலை, செய்வினை வசனங்களைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவதை மீட்டினோம். பூனை மீனைத் தின்றது, மீன் பூனையால் தின்னப்பட்டது என்பதுபோல ஆங்கிலத்தில் ஒழுங்காகத்தான் மாற்றிக் காட்டினேன். கடைசியில் 'குழந்தை தூங்குகிறது' என்பதையும் எழுதி, 'குழந்தையால் தூங்கப்படுகிறது' என்ற மாதிரி மாற்றிவிட்டேன். செயப்படுபொருள் இல்லாத வசனம் அப்படி மாறாது. அது தெரிந்திருந்தும் கவனமில்லாமல் எழுதிவிட்டேன். பதினேழு பேரும் பார்த்து எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து மகனை ஏணையில் கிடத்தும்போதுதான் உறைத்தது. உண்மையிலேயே பிழைதானா என்று இலக்கணப் புத்தகத்தை மூன்று தரம் புரட்டினேன். பிழைதான். நாட்காட்டித் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் திருத்தத்தைப் பதினேழு துண்டுகளில் எழுதினேன். எழுதி முடித்த பிறகே, கொண்டுபோக ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது. இருந்த ஒரே சைக்கிளில் கணவர் புத்தூருக்கு வேலைக்குப் போயிருந்தார்.

அந்நேரம் மீன்கார அக்கா படலையைத் திறந்தார். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கைகளில் பனையோலைக் கடகத்தோடு நடந்து மீன் விற்பவர். மீன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அழுதுவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கோ தங்கச்சி அழுறாய்? எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் உன்னட்டைப் படிக்கிறது ஆர் ஆற்றை பிள்ளை, எந்த வீடு எண்டு தெரியும். தா இஞ்சை."

கடகத்தில் வைத்தால் நனையும் என்று மடியில் செருகிக்கொண்டு போனார்.

பின்னேரம் வெறுங்கடகத்தோடு திரும்பி வந்தார். மருதனார்மடச் சந்திக்கு அப்பால் இருந்த பிள்ளைக்கும் கொடுத்தாயிற்றாம். எனக்கோ பயம் விடவில்லை. வாங்கி மூலையில் எறிந்திருந்தால்? வாசித்தார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வாசிப்பிக்காமல் விடுவனே? முன்னாலை நிண்டு சத்தமாய் வாசிக்க வைச்சுப்போட்டுத்தான் வந்தனான். ஒருத்தன் முணுமுணுத்தான். திருப்பி வாசியடா எண்டனான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அதுக்கென்ன."

அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

பரீட்சையில் அப்படியொரு கேள்வி வரவேயில்லை. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க, என் வகுப்புப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்று அவர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு திரிந்தார்.