கொயினாவும் என் வீட்டுக்காரியும்

காப்பார் பக்கத்தில் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் டிரெசராக இருந்தபோது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு இன்னும் முழுக்கப் போய்விடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் நான். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் புண் கட்டவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன். டாக்டர் கிள்ளானிலிருந்து மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களுக்கு டாக்டரும் நான்தான், கம்பவுண்டரும் நான்தான்.

விடியும் நேரத்தில் பெரட்டு. ஆட்கள் எல்லோரும் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும். அந்த வரிசையின் கோடியில் நான் வாளியோடு நிற்பேன். ஆளுக்கு ஒரு மடக்குக் கொள்ளும் சின்னக் கிளாஸில் கொயினாத் தண்ணீர். குடித்ததும் என் முகத்தைப் பார்த்து "முருகா" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். வாயில் மருந்து இருந்தால் பேச்சு வராது அல்லவா? அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கிறிஸ்தவ வேதக்காரர்கள் தங்கள் சாமியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சலுகையும் கொடுத்திருந்தேன்.

அப்படியும் காய்ச்சல் குறையவில்லை. வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். காரணம் தெரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மருந்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே சாமி பெயரைச் சொல்லப் பழகியிருந்தார்கள்! நம்பாமல் வீட்டில் தண்ணீரை வைத்து நானே செய்து பார்த்தேன். மூன்றாம் தடவை அந்த வித்தை எனக்கும் வந்துவிட்டது. படிக்காத ஜனங்கள், சொன்னால் விளங்காது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அவர்களில், ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு முறை கரு உண்டாகி இரண்டும் குறை மாதத்தில் போய்விட்டன. இரண்டு முறையும் அவளுக்குக் கடுங்காய்ச்சல். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். இதையும் காய்ச்சல் கொண்டுபோய்விடக் கூடாதே என்று எனக்கு உண்மையாகவே கவலை. ஒரு நாள் காலை, களத்தை விட்டுப் போனவள் பால் ஸ்டோருக்குப் பின்னால் குனிந்து மருந்தைத் துப்புவதைப் பார்த்துவிட்டேன்.

"ஏம்மா, ரெண்டு பிள்ளையைக் காய்ச்சலுக்குக் குடுத்தது போதாதா?" என்று கத்தினேன். அப்படிப் பேசியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "காய்ச்சலுக்குக் குடுத்தேனா, இந்தத் தண்ணிக்குக் குடுத்தேனான்னு யாருக்குங்கய்யா தெரியும்? இதுதான் கருவைக் கலைக்குதுன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க."

நான் கற்றதையெல்லாம் கொட்டினேன். இந்த அளவு கொயினா கருவை ஒன்றும் செய்யாது, காய்ச்சல்தான் கலைக்கும், பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று அடுக்கினேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்க வீட்டு அம்மாவும் மாசமாத்தானே இருக்காங்க. அவங்க குடிக்கிறாங்களாய்யா?"

"குடிக்கிறாளே" என்றேன்.

சுத்தப் பொய். அப்போது என் மனைவி வயிற்றில் என் மூத்த மகள் நாலு மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு தங்கிய கரு. அது தங்கிய நாளிலிருந்து என் மனைவிக்கு ஒரு சொட்டுக் கொயினா நான் கொடுத்ததில்லை. நம் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி வலை இருக்கிறது, கட்டிலுக்குக் கொசுவலை இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். லயத்துப் பேச்சைக் களத்தில் நின்று கேலி செய்த நான், அதையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

"அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு வந்து குடிக்கச் சொல்லுங்கய்யா. கண்ணால பாத்துட்டா நான் துப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் தன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இதை வீட்டில் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் சாயங்காலம் குழாயடியிலிருந்து தண்ணீரோடு சேதியும் வந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்த கையோடு என் மனைவி கேட்டாள்.

"நான் தெனமும் கொயினா குடிக்கிறேன்னு சொன்னீங்களாமே. அது கருவைக் கலைக்குமா, கலைக்காதா?"

"கலைக்காது."

"பின்ன எனக்கு ஏன் குடுக்கல?"

"கசக்கும்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் களத்துக்கு வந்தாள். டிரெசர் வீட்டு அம்மா ஆட்களோடு வரிசையில் நின்றதை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. பேர் குறித்துக்கொண்டிருந்த மண்டோர் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தவித்தார். என் மனைவி நேராகப் போய் அந்தப் பால்வெட்டுக்காரப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

என் மனைவியின் முறை வந்தது. நான் கிளாஸை வாளிக்குள் விட்டு மொண்டேன், பாதியைத் திரும்ப வாளியிலேயே சாய்த்தேன். அதை நான் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள். "எங்களுக்கு ஊத்துற அளவு ஊத்துங்கய்யா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

திரும்ப மொண்டு, நிறையக் கொடுத்தேன். நானே கலக்கிய மருந்து, நானே அளவு பார்த்த மருந்து. அதை என் மனைவி வாயில் வைத்தபோது என் நாக்கு உலர்ந்துவிட்டது. அவள் ஒரே மடக்கில் குடித்தாள். அந்தப் பெண் அவளைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நேரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யாவுக்கும் பயமாத்தான் இருக்கு. இருந்தும் அம்மாவுக்குக் குடுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

ஊற்றிக் கொடுத்தேன். அவள் தொண்டை ஏறி இறங்கியது.