உக்ரேன் கூப்பன்கள்

வட்டக்கச்சிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணக் கூப்பனுக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கிற இராசேஸ்வரிக்கு, வீட்டிலும் கூப்பன்தான் வேலை. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிநாடான கையோடு உக்ரேன் அவசரத்துக்கு வெளியிட்ட காசுக்கும் கூப்பன் என்றுதான் பெயர். ஒரு பக்கம் பெண்ணின் தலை, மறுபக்கம் தேவாலயம். தொண்ணூற்றிரண்டில் ஏஜென்சிக்காரர்கள் ஐரோப்பாவுக்கென்று கூட்டிப்போன இளைஞர்கள் கீவ் நகரத்து அறைகளில் மாதக்கணக்காய் அடைந்து கிடந்தபோது, வீட்டுக் கடிதங்களுக்குள் அதில் ஒவ்வொன்றை வைத்து அனுப்பினார்கள். அவளுடைய தம்பி பரமேஸ்வரனும் அனுப்பினான். அவளுக்கு அதைச் சேர்க்கிற ஆசை பிடித்துவிட்டது. பரந்தன், பூநகரி என்று சைக்கிளில் அலைந்து, "உங்கட பெடியன் உக்ரேனால போனவனோ?" என்று வீடு வீடாய்க் கேட்டு வாங்கினாள். சனம் சிரித்தது. சிரிக்கட்டும். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடியபோது சங்கிலியை மறந்தவள் அந்த அல்பத்தை மறக்கவில்லை. ஒன்றிலிருந்து நூறுவரையான முதல் வரிசையில் 'மூன்று' என்று மதிப்புப் போட்ட நோட்டு மட்டும் அகப்படவில்லை.

அதிலிருந்த ஐம்பது கூப்பன் நோட்டு, வடிவம்மா மாமி தந்தது. மாமியின் மகன் நிஷாந்தனும் பரமேஸ்வரனோடு ஒரே அறையில் இருந்தவன். மாமிக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் இராசேஸ்வரியிடம்தான் கொண்டுவருவார். அந்தக் கடைசிக் கடிதத்தைப் பிரித்த இராசேஸ்வரி, வாசிக்கத் தொடங்காமல் எழுத்தையே பார்த்தாள். "அம்மா, நான் சுகம்" என்று நிஷாந்தனின் பெயரில் எழுதியிருந்தது. எழுத்தோ அவள் தம்பியுடையது. கை நோவாக்கும், சொல்லி எழுதுவித்திருப்பான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வாசித்துக் காட்டினாள்.

உள்ளே இருந்த காசை மாமி அவளிடமே கொடுத்தார். "வைச்சிரு பிள்ளை. உன்ர தம்பி எப்பவாவது வந்தா, என்ர பெடியன் எங்கையெண்டு கேட்டுச் சொல்லு."

அதற்குப் பிறகு நிஷாந்தனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தம்பிக்கு எழுதிக் கேட்டாள். பிரான்ஸ் போய்ச் சேர்ந்த கதையெல்லாம் விலாவாரியாக எழுதியவன், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் போடவில்லை. பதினொரு வருஷம் அந்த எழுத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தனியே சுமந்தாள். சங்கக்கடை வரிசையில் மாமியின் முகம் தெரிந்தாலே களைத்துவிடும்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து, இரண்டாயிரத்து மூன்றில் பரமேஸ்வரன் வந்தான். பாரிஸில் தேடி வாங்கிய அந்த 'மூன்று' நோட்டைப் பெருமையாய் நீட்டினான். அவள் அதை வாங்கிக் கதிரையில் வைத்தாள். சந்தோஷப்பட அவளுக்குத் தெம்பில்லை. அல்பத்திலிருந்து ஐம்பதை உருவி எடுத்தாள்.

"முதல் இதைச் சொல்லு. நிஷாந்தன்ர கடிதத்தை ஏன் நீ எழுதினனீ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "காய்ச்சல் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா எல்லாரையும் பொலிஸ் பிடிக்குமெண்டு ஏஜென்சி விடேல்லை. நாலாம் நாள் செத்துப்போனான். மாமிக்கு எப்பிடிச் சொல்லுறது? சுகமெண்டு எழுதிப்போட்டன். அவன்ர பொக்கற்றில கிடந்த காசையும் வைச்சன்."

ஏச வாய் வந்தது. ஏசுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. "எழும்பு. இப்பவே போவம்," என்றாள்.

மாமி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இராசேஸ்வரி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, நோட்டை அவர் கையில் வைத்தாள். ஒப்பாரி வைப்பார், மண்ணை அள்ளித் தூற்றுவார் என்றுதான் பயந்திருந்தாள். மாமி நோட்டைப் பார்க்கவேயில்லை, பரமேஸ்வரனையே பார்த்தார்.

"அந்தக் கடிதம் நீ எழுதினதோ, தம்பி?"

"ஓம் மாமி. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எழுதினனீ, ஏனடா ஒண்டோட நிப்பாட்டினனீ? மாசம் ஒண்டு போட்டிருந்தா, இந்தப் பதினொரு வருஷமும் நான் நித்திரை கொண்டிருப்பனே."