பருத்திக் குவியலுக்குள் என் மகள்

ஊரடங்கின்போது பசுவந்தனையில் மாமனார் வீட்டிலிருந்து சென்னை கம்பெனிக்கு வேலை பார்த்தேன். ஒருநாள் நான்கு வயது மகளிடம், "ஏட்டி, மீட்டிங் முடியுற வரைக்கும் சத்தங் காட்டப்புடாது" என்று மிரட்டிவிட்டு, இரு காதுகளையும் ஹெட்போனால் அடைத்துக்கொண்டேன்.

முடித்துவிட்டு வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே கிணறு வரை ஓடினேன். திரும்பி வந்தபோது, பருத்தி குவித்திருந்த அறையில் குவியல் லேசாக அசைந்தது. வாரி எடுத்தேன். உடம்பெல்லாம் வேர்வை, முடியெல்லாம் பஞ்சு.

"கூப்பிட்டது கேக்கலையாட்டி?"

"கேட்டுச்சு. மீட்டிங் முடிஞ்சிட்டுன்னு நீ சொல்லவே இல்லையே!"

அன்றிலிருந்து ஒரு காதில்தான் ஹெட்போன்; அவள் கத்தினாலும் அதட்டுவதில்லை. இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. ஹெட்போன் இல்லாத காது அவளைத் தேடுகிறது.