பாண் தொடாத பிள்ளை

"இரத்தம் எடுக்கிறவனைக் கண்டால் சனம் கையை ஒளிக்கும், சோதனை மறுமொழி சொல்லுற நேரம்..." என்று எங்கள் ஐயா ஏதோ சொல்லுவார். மிச்சம் மறந்துபோச்சு. அந்த நேரம் முகத்தை ஒளிப்பது இரத்தம் எடுத்த நாங்கள்தான் என்பது ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

படிவம்

டொக்டராய் லண்டனிலிருந்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரும்போது ஒரு படிவமும் கொண்டுவந்தேன். டவுன் சின்ட்ரோம் போன்ற மரபணுக் கோளாறுள்ள பிள்ளைகள் சிலருக்குக் கோதுமை குடலைக் கெடுக்கும். சீலியாக் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்கும் கேள்விகள்தான் படிவம்.

பண்டத்தரிப்பிலிருந்து பரமேஸ்வரி அக்கா மகள் வதனியைச் சைக்கிளில் ஏற்றிவந்தார். டவுன் சின்ட்ரோம் பிள்ளை. ஒன்பது வயது, ஐந்து வயது உடம்பு, ஊதின வயிறு, ஓயாத வயிற்றோட்டம். படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். பேக்கரிப் பாண்? "தொடமாட்டாள், தம்பி." பிஸ்கற், கேக்? "அதுகளை எங்கை காணுறது?" கோதுமை காரணமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். பக்கத்தில் நின்ற நேர்ஸ் சொன்னா: "உந்தப் பிள்ளையள் உப்பிடித்தான், சேர். ஏன் மினக்கெடுறியள்?"

புட்டு

ஒருநாள் மழைக்குப் பரமேஸ்வரி அக்கா வீட்டில் ஒதுங்கினேன். அக்கா புட்டுக்குக் குழைத்துக்கொண்டிருந்தார். ஒரு சுண்டு அரிசிமா, இரண்டு சுண்டு அவிச்ச கோதுமை மா. என் அம்மா குழைத்ததும் அப்படித்தான். படிவத்தில் புட்டு இல்லை. எனக்கும் நினைவு வரவில்லை.

"அக்கா, கோதுமை குடுக்கிறேல்லை எண்டியளே?"

"நீங்கள் பாணைத்தானே கேட்டனீங்கள்?"

ஊசி

வதனியின் இரத்தத்தை எடுத்துச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினேன். கோதுமை தின்றுகொண்டிருந்தால்தான் சோதனையில் பிடிபடும். ஆகவே மறுமொழி வரும்வரை நிறுத்தவேண்டாம் என்று நானே சொன்னேன். சண்டைக் காலம்; கரண்டும் இல்லை, ஐசும் இல்லை. படகிலும் லொறியிலும் போய்ச் சேர எத்தனையோ நாள். "மாதிரி பழுதடைந்துள்ளது, மீண்டும் அனுப்பவும்." இரண்டு தரம் அப்படியே கடிதம் வந்தது. மூன்றாம் தரம் வதனி கையை ஒளிக்கவில்லை. எலும்பாய்ப்போன கையைத் தானே நீட்டினாள்.

"மாமா, இண்டைக்கும் குத்தோ?"

நிவாரணம்

அதுவும் பழுதடைந்தது. கோதுமையை நிறுத்தச் சொன்னேன். ஆறு கிழமையில் வயிற்றோட்டம் நின்றது; கன்னம் கொஞ்சம் சதை வைத்தது. பிறகு வீட்டில் அரிசி முடிந்தது. நிவாரணத்துக்கு வந்தது கோதுமை மா. அதற்குப் பதில் அரிசி கேட்டு அக்காவோடு நிவாரணம் குடுக்கிற சங்கக்கடைக்குப் போனேன். மனேச்சர் நல்ல மனிசன்தான். "நோயெண்டு நினைக்கிறம் எண்டால் ஊரே அரிசிக்கு வந்து நிக்கும், அண்ணை. சோதிச்சு உறுதியெண்டு எழுதித் தாங்கோ."

கொழும்புக் கடிதங்கள் மூன்றையும் பைக்குள் வைத்துவிட்டு, "இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.