மோர்ப்பொடி என்று எழுதிய கவர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பல்லி விழுந்தால் பயம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம். கணவர் அரை மணி நேரம் தாமதித்தால் என் மனசுக்குள் ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்டவளைத்தான் மதுரையிலிருந்து கிளப்பி ஒஹையோவுக்குக் கூட்டிப்போனார்கள். கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று வருஷ வேலை.

நாங்கள் குடியிருந்த வீட்டைச் சுற்றி முழுக்க ஆமிஷ்காரர்கள். கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. வீட்டுக்குக் கரண்ட் இழுக்க மாட்டார்கள், கார் வாங்க மாட்டார்கள், போக வர எல்லாமே குதிரை வண்டிதான். எனக்கு முதல் பயமே அந்த வண்டிதான். காலைப் பனியில் மேடு ஏறி இறங்கினால் முன்னால் திடீரென்று ஒரு கருப்பு வண்டி நிற்கும். அதன் முதுகில் ஆரஞ்சு நிற முக்கோணம் ஒன்று மட்டும் தெரியும். பின்பக்கத்திலிருந்து நாலைந்து குழந்தைகள் நம்மையே பார்த்துக்கொண்டு வரும். இடித்துத் தொலைத்துவிடுவேனோ என்று ஸ்டியரிங் பிடித்த கை வேர்த்துப்போகும்.

பக்கத்து வீட்டு ஆமிஷ் அம்மாவுக்கு எட்டுப் பிள்ளைகள். வீட்டுக்குள் போன் கிடையாது. தெருக்கோடியில் மரத்தால் அடித்த ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் ஒரு போன், நாலைந்து வீட்டுக்கும் அது ஒன்றுதான். "ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன். மாவு பிசைந்த கையோடு என்னைப் பார்த்து, "ஓடுவோம்" என்றார். அவ்வளவுதான் பதில். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியால் எப்படி இவ்வளவு சாதாரணமாக இருக்க முடிகிறது என்று மண்டையைக் குடைந்தது.

வாஃபிள் என்கிற கட்டம் போட்ட ரொட்டியைச் சுடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கடையில் விற்கிற கரண்ட் மிஷின் இல்லை. கீல் வைத்த இரட்டை இரும்பு அச்சு. அடுப்பில் காய வைத்து, மாவை ஊற்றி மூடி, ஒரு பக்கம் வெந்ததும் அச்சோடு திருப்பிப் போட வேண்டும். நம் தோசைக்கல்லைப் போலப் பழகப் பழகத்தான் ஒட்டாமல் வரும். மாவில் மோரை உலர்த்திப் பொடியாக்கிய மோர்ப்பொடி சேர்ப்பார். அந்த லேசான புளிப்பில்தான் ருசியே இருக்கிறது.

மோர்ப்பொடி வாங்குகிற கடையும் ஆமிஷ்காரர்களுடையதுதான். எல்லாமே மூட்டையில் வந்து, சின்னச் சின்னக் கவரில் நிறுத்துக் கட்டி அடுக்கியிருக்கும். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வருகிற வெயில்தான் விளக்கு. மதுரையின் மளிகைக் கடைத்தெருவான கீழமாசி வீதியைப் பெருக்கித் துடைத்து, சத்தத்தை மட்டும் வெளியே நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும். மாவு, ஓட்ஸ், பருப்பு, பொடி எதிலும் கம்பெனிப் பெயர் இருக்காது. ஒரு வெள்ளை லேபிளில் பொருளின் பெயரும் எடையும் மட்டும்.

மதுரைக்காரி கெட்டிக் கவரைத் தூக்கிப் போடுவாளா? காலிக் கவரைக் கழுவிக் காய வைத்து, அடுத்த தடவை கடைக்கே கொண்டுபோய், இதிலேயே போட்டுக் கொடுங்கள் என்றேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். கட்டைவிரல் நகத்தால் பழைய லேபிளைச் சுரண்டிச் சுரண்டி முழுக்க எடுத்தாள். வாங்கப்போவது அதே மோர்ப்பொடிதான், இருந்தாலும் எடுத்தாள். புதிதாக ஒன்று ஒட்டிய பிறகுதான் பொடியை உள்ளே கொட்டினாள். வேலை வெட்டி இல்லாதவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

ஊர் திரும்பும்போது அச்சையும் நாலு கவர் மோர்ப்பொடியையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். மதுரை வீட்டுச் சமையலறையின் மேல் தட்டில் அந்தக் கவர்களை லேபிள் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தேன். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "அமெரிக்கா சாமானா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதானே வைத்தேன். காலியான கவரைக்கூட லேபிளோடு மடித்துப் பத்திரப்படுத்தினேன். பீற்றலுக்கும் ஒரு அளவு வேண்டாமா? எனக்கு இருக்கவில்லை.

போன வருஷம் காலாண்டு லீவு. பேரையூரில் இருக்கும் என் நாத்தனாரின் ஆறு வயது மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூட்டிக்கொண்டு வந்தவர் என் மாமனார். பேரையூர்ப் பக்கம் மானாவாரியாகக் குதிரைவாலியும் மிளகாயும் போடுகிறவர். கண் ஆபரேஷன் முடிந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது, டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. வந்த கையோடு விதைப்புக்கு வேண்டிய மருந்து ரெண்டு பாக்கெட்டும் வாங்கிவிட்டார். ஒன்று குதிரைவாலி விதையில் கலக்கிற சூடோமோனஸ். அது உயிருள்ள பாக்டீரியாவைப் பொடியில் கலந்தது, மனுஷருக்குப் பெரிய கெடுதல் இல்லை. இன்னொன்று மிளகாய்க்கு அடிக்கிற பூஞ்சாண மருந்து. அது விஷம். ரெண்டுமே வெள்ளைப் பொடி.

வருகிற வழியில் மழை பிடித்துப் பைக்குள் தண்ணீர் இறங்கி, ஒரு பாக்கெட் ஊறிக் கிழிந்துவிட்டது. நல்லபடியாக இருந்த இன்னொன்றை, ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரரிடம் பஸ் ஸ்டாண்டிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். கிழிந்ததை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, "ஆத்தா, கெட்டியா ஒரு கவர் இருந்தாக் குடு" என்றார்.

கொடுத்தேன். மோர்ப்பொடி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த காலிக் கவரை. லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம், நகத்தை வைத்தால் வந்துவிடும். மனசு வரவில்லை. அவர் வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் குழந்தைக்கு வாஃபிள் சுட்டேன். மேல் தட்டில் முன்னால் நின்ற கவரை எடுத்து, தாராளமாகவே பொடியைப் போட்டேன். ஐந்து வந்தது. கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "நறநறன்னு இருக்கு அத்தை" என்றாள்.

"அமெரிக்கா வாஃபிள்னா அப்படித்தான் இருக்கும். சாப்பிடு" என்றேன்.

ரெண்டு சாப்பிட்டாள். கணவர் எனக்கு இட்லியே போதும் என்றார். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பையே தொட மாட்டார். "அந்த ரொட்டி எனக்கு வேணாம்த்தா" என்று குளிக்கப் போய்விட்டார். மிச்சம் ரெண்டு வாஃபிள் தட்டில் இருந்தது.

குளித்துவிட்டு வந்தவர் மேல் தட்டைத் துழாவினார். "இங்கன ஒரு கவர்ல மருந்து வச்சிருந்தேனே. பிள்ளை கைக்கு எட்டாம இருக்கட்டும்னு மேல வச்சேன். எங்கத்தா?"

அடுப்பு மேடையில் வாய் திறந்து கிடந்த கவரைப் பார்த்தேன். குழந்தை கூடத்தில் பாகு நக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் வாய்க்குள் விரலை விட்டேன். அவள் அலறி என் கையைக் கடித்தாள். கணவர் காரை எடுத்தார். நான் கவரையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஏறினேன். மாமனார் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது லேடி டாக்டர். "என்ன மருந்து?" என்றார். கவரை நீட்டினேன். லேபிளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பட்டர்மில்க் பவுடர்னு போட்டிருக்கு?"

மாமனார் மருந்தை இந்தக் கவரில் கொட்டி வைத்திருந்ததைச் சொன்னேன். வாய்க்குள் விரல் விட்டதற்கு ஒரு திட்டு விழுந்தது. "மருந்து பேர் தெரியணும்மா. பேரைக் கண்டுபிடிங்க. வேற யார் இதைச் சாப்பிட்டது?" அப்போதுதான் நானும் அடுப்படியில் நின்றபடியே ஒன்று தின்றது நினைவுக்கு வந்தது. சத்தியமாக அதுவரை தோன்றவே இல்லை. என்னையும் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள்.

கணவர் வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மாமனார் பேசினார். "எது கிழிஞ்சதுன்னு வெளங்கலய்யா. ரெண்டும் ஒண்ணு போலதான் தெரிஞ்சுச்சு. கிழிஞ்ச தாளைக் குப்பை வண்டில போட்டேன், அதுவும் போயிருச்சு. அவன்ட்ட குடுத்தது எதுன்னு அவன் பார்த்துச் சொன்னாத்தான்." பக்கத்துக் காட்டுக்காரருக்கு அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போயிருப்பார். கணவர் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த மரக்கூண்டுப் போன் நினைவுக்கு வந்தது. ஓடுவோம் என்றாரே அந்த அம்மா. நான் எங்கே ஓடுவது? குழந்தை வயிற்றைத் தொட்டால் வலிக்கிறதா என்று கேட்டேன். கொட்டாவி விட்டால் மயக்கம் வருகிறதோ என்று பயந்தேன். "அத்தை, ஊசி போடுவாகளா?" என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். மீனாட்சியிலிருந்து அந்த ஆமிஷ்காரர்களின் கர்த்தர் வரைக்கும் ஒருவரையும் விடாமல் கும்பிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு நாத்தனார் பேரையூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அதே நேரத்துக்கு மாமனாரும் ஆட்டோவில் வந்து இறங்கினார். கருப்புக் கண்ணாடியோடு வராந்தாவின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"கண்ணு தெரியாத ஆளு, உங்களுக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று கணவர் பிடித்துக்கொண்டார். "மோர்ப்பொடிக் கவர்ல போயா விஷத்தக் கொட்டி வைப்பாக?"

"எம் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள் நாத்தனார். பிறகு என் பக்கம் திரும்பி, "மதினி என்ன பண்ணும் பாவம், கவர்ல எழுதியிருக்கதத்தான பாக்கும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மாமனார் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நான்தான் கவரைக் கொடுத்தேன் என்ற ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் அழுகிற அழுகையைப் பார்த்துப் பயந்து, அதை விழுங்கிவிட்டேன்.

பன்னிரண்டரைக்குக் காட்டுக்காரர் எடுத்தார். "அண்ணே, இப்பத்தான வீட்டுக்கு வாரேன், என்ன இம்புட்டு போனு?" கணவர் விஷயத்தைச் சொன்னதும் ஓடிப்போய்ப் பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். அவரிடம் இருந்தது பூஞ்சாண மருந்து. அப்படியென்றால் வாஃபிளில் போனது சூடோமோனஸ்.

"பெருசா பயப்பட வேண்டாம். சாயங்காலம் வரை இருங்க, பாத்துட்டு அனுப்புறேன்" என்றார் டாக்டர். நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குழந்தை பிரியாணி கேட்டாள்.

நான் எழுந்து மாமனாரிடம் போனேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்ததும், அவருடைய வெள்ளை மீசையில் பழுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது தெரிந்தது. கருப்பட்டிப் பாகு.

"மாமா, அதத் தின்னீங்களா?"

புறங்கையால் மீசையைத் துடைத்தார். "நீங்க போனதும் தட்டுல இருந்த ரெண்டையும் தின்னேன். பிள்ளையும் ரெண்டுதான தின்னுச்சு. எனக்கு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா டாக்டர்ட்ட சொல்லலாம்ல. பேர்தான் தெரியல, அதையாச்சும் சொல்லலாம்னு."

வாசற்படியில் நின்ற மனுஷர் உள்ளே போய், விஷமாகவும் இருக்கலாம் என்று தெரிந்தே, தட்டின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா, கவரைக் குடுத்தது நான். லேபிளக் கிழிக்காமக் குடுத்தேன். போய்ச் சொல்லிடுறேன்" என்று எழுந்தேன்.

என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சும்மா இரு. எம் பிள்ளைக என்னையத் திட்டுனா நாளைக்கே மறந்துருங்க. உன்னையத் திட்டுனா மறக்காதுக. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுற நேரம் தாண்டிருச்சு. பையில இருக்கு, எடுத்து விடு."

விட்டேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

அவர் சொன்னது சரிதான். ரெண்டு நாளில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்பதும் பொய், வேடிக்கையாக்கிக்கொண்டார்கள். வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் நாத்தனார், "அப்பாட்ட டப்பா கிப்பா எதையும் குடுத்துராதீக, மருந்தக் கொட்டிருவாரு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். என் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது போதும். இதை எழுதி முடித்ததும் முதலில் நாத்தனாரிடம்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன். இப்போதே கை வேர்க்கிறது.