திருநாமத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தோம்

தொண்டையில் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் மனைவியால் பாட இயலவில்லை. பேச்சே காற்றோடு கலந்துதான் வருகிறது. அதற்கு முன் அவள் பாடிய பதிகங்களைக் கைப்பேசியில் பதிந்து, என் மின்னஞ்சல் கணக்கைச் சேர்ந்த இணையச் சேமிப்பில் வைத்திருந்தேன். வேறெங்கும் பிரதி இல்லை.

சென்ற சாரல் பருவத்தில் ஒரு காலை, பூசைப் பொருள்களை இணையத்தில் விற்கும் நிறுவனமொன்று, வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் திருடுபோய்விட்டன என்று செய்தி அனுப்பியது. சாம்பிராணி வாங்கிய கடைதானே என்று நான் வாளாவிருந்தேன். அதே செய்தி தமக்கும் வந்ததைக் கண்டு, எங்கள் முற்றோதல் குழுவைச் சேர்ந்த, காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் மேலகரத்திலிருந்து நனைந்தபடியே வந்து சேர்ந்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கடைக்கு என்ன பாஸ்வேர்டு போட்டிருக்கிய?”

“நம்ம எல்லாருக்கும் உள்ளதுதான்.”

சன்னிதியில் கூடிப் பதிகங்களை முழுவதும் ஓதும் நாங்கள், யாருக்கும் மறந்துவிடக் கூடாதென்று, குற்றாலத்து இறைவன் திருநாமத்தையே ஒருமித்து வைத்திருந்தோம்.

“மெயிலுக்கு?”

“அதுக்கும் அதேதான். அவன் பேரைவிடப் பெரிய காவல் உண்டா?”

“நல்லாச் சொன்னிய போங்க! கள்ளனும் சாமி கும்பிடுதவன்தான். அதை வச்சு மெயிலைத் திறந்து, பாஸ்வேர்டை மாத்திட்டான்னா நீங்கல்லா வெளிய நிக்கணும்.”

“அப்போ என் பாட்டு?” என்றாள் என் மனைவி. அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை.

செய்தியிலிருந்த இணைப்பைத் தொட நண்பர் விடவில்லை. நாங்களாகவே மின்னஞ்சல் கணக்கைத் திறந்தோம். அதில் நுழைந்திருந்த கருவிகளின் பட்டியலில் நாங்கள் அறியாத ஒன்றும் இருந்தது. உடனே அதை வெளியேற்றினேன்.

“சாமி பேரை எடுத்துட்டு வேற என்னத்தப் போடப் போறிய?” அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

“சாமி நெஞ்சுல இருக்கட்டும் மதினி. இங்கன ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு சொல்லு போடுங்க. எங்கிட்டகூடச் சொல்லாதிய” என்று நண்பர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் என் செவியருகே நான்கு சொற்களைச் சொன்னாள். மூன்றாவதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். புதிய கருவியில் யார் நுழைந்தாலும் என் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி மற்றொரு காவலும் வைத்தோம்.

“அந்த நம்பரைச் சாமியே வந்து கேட்டாலும் சொல்லிராதிய!” என்றார் நண்பர்.

பிறகுதான் பதிவுகளைத் தேடத் துணிந்தேன். ஒன்றும் குறையாமல் இருந்தன. எல்லாவற்றையும் பென்டிரைவிலும் பிரதியெடுத்தபின் ஒன்றை ஒலிக்கவிட்டேன். அவளுடைய பழைய குரல் அறையை நிறைத்தது. நண்பர் கண்களை மூடிக் கைகூப்பினார். கண்ணீர் வருமென்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளோ புருவத்தைச் சுருக்கி, என் பக்கம் சாய்ந்து, “ரெண்டாவது அடியில மூச்சை விட்டுட்டேன், கேட்டியளா?” என்றாள்.

கேட்கவில்லை என்றேன்.


“பொய் சொல்லுதிய” என்று சொல்லி, மறுபடியும் போடச் சொன்னாள்.