காணிக்கைக் கேரட்டும் ஒற்றைக் காட்டுமாடும்

"பனி. பூண்டிக் காணிக்கை சிலுவையடியில். மணி அடிக்கவில்லை." சென்ற மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். மற்ற நாட்களில் காற்றின் திசை, உலைக்குப் போன அரிசி, வந்த குடும்பங்களின் ஊர் என்று பக்கம் நிறைந்துவிடும். அன்று எழுத உட்கார்ந்தபோது இதற்கு மேல் வரவில்லை. பிறகு எழுதலாம் என்று மூடி வைத்தேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் கொடைக்கானலுக்கு மேலே ஒரு முகாம் நடத்துகிறோம். கூலி வேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள் கோடையில் கீழிருந்து வந்து சில நாள் தங்கிப் போவார்கள். தங்கவும் சாப்பிடவும் அவர்களிடம் எதுவும் வாங்குவதில்லை. நன்கொடையில்தான் எல்லாம் ஓடுகிறது. திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அரிசி அனுப்புவார். பூண்டியில் தோட்டம் வைத்திருக்கும் சபையார் கேரட்டும் பூண்டும் அனுப்புவார்கள். முதல் அறுப்பு என்றால் அது நேரே அடுப்படிக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சிலுவையடியில் வைத்து, காலை ஆராதனையில் ஜெபித்த பிறகே கத்தி படலாம். எங்கள் சிலுவை, கூடத்துக்குக் கீழே பைன் மரங்களுக்கு நடுவில், திறந்த வெளியில் நிற்கிறது. முந்தின நாள் சாயங்காலம் வந்த கேரட்டைத் தழையோடு அங்கேதான் குவித்திருந்தோம்.

காலையில் தேநீருக்கு முன் தனி ஜெபம். ஒவ்வொருவரும் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். மணி அடிக்கும்வரை யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒற்றை அறை வீட்டில் நாலைந்து பேரோடு இருப்பவர்களுக்கு, வாய்விட்டு ஜெபிக்க ஓர் இடம் கிடைப்பது பெரிய காரியம். மணி அடித்ததும் எழுந்து, கைதட்டி, சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வருவார்கள்.

அன்று பனி கடுமையாக இருந்ததால் எல்லோரும் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கன்னிவாடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும் சிலுவையடிக்குப் போனார். அவர் கணவர், தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்துப் படியில் என் பக்கத்தில் நின்றார். அவரும் அந்தப் பெண்ணும் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள்.

முதலில் பார்த்தது எங்கள் சமையலக்கா. அட்டுவம்பட்டிக்காரர், இந்த மலையிலேயே வளர்ந்தவர். அடுப்படியிலிருந்து வந்தவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பனி கொஞ்சம் விலகியிருந்தது. கேரட் குவியலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பெண் முழங்காலில் இருந்தார். முந்தானை தலையில், கண்கள் மூடியிருந்தன. அந்தப் பக்கம் ஒற்றைக் காட்டுமாடு ஒன்று நின்று தழையைத் தின்றுகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே முழுக்கக் கருப்பு. கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் காளை எந்த நேரம் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அவருக்கும் மாட்டுக்கும் நடுவில் அந்தக் குவியல் மட்டுமே இருந்தது, அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

கணவர் படியிறங்கப் போனார். சமையலக்கா குறுக்கே நின்றார்.

"ஓடாதீங்க தம்பி. மெரண்டுச்சுன்னா அந்தப் பிள்ள மேலதான் விழும். கூப்பிடவுங் கூடாது."

எனக்கு மணி ஞாபகம் வந்தது. என் மனைவி கூடத்தின் பின்பக்கம் அதை அடிக்கப் போகும் நேரம். அடித்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் கைதட்டுவார்கள். மணி வேண்டாம் என்று சமையலக்காவிடம் சைகை காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு அடுப்படி வழியாகப் போனார். மணி அடிக்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் ஜெபம் மட்டும் கேட்டது. சூளை முதலாளிக்காக, மகளின் பல்வலிக்காக, மழை வந்து சுடாத பச்சைக்கல் கரையாமல் இருக்க, எங்கள் முகாமில் கேஸ் சிலிண்டர் பாதியில் தீராமல் இருக்க, ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சீரான குரலுக்கு மாடு பழகிவிட்டது போலிருந்தது. ஒருமுறை அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அது தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆமென் என்று அவர் கைதட்டி எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது. ஒரு ஜெபம் முடியக்கூடாது என்று நான் ஜெபித்தது அன்றுதான்.

"எங்கம்மாவுக்கு ஜெபிக்க ஆரம்பிச்சுட்டா ஐயா" என்றார் கணவர். உதடு மட்டும்தான் அசைந்தது. "வீட்டுல தெனமும் இதே வரிசதான். எங்கம்மாதான் கடேசி. ஒரு வரி. அதோட ஆமென்."

குழந்தையை என் கையில் கொடுக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை, வாங்கினால் இறங்கிவிடுவார்.

ஆனால் அந்த ஒரு வரியோடு ஜெபம் முடியவில்லை. மாமியாரின் முட்டி வலி, கண்ணில் விழுந்த பூ, அவர் வளர்க்கும் வெள்ளாட்டின் இருமல், அவர் கூடப் பிறந்தவர்களின் சண்டை என்று நீண்டது. கணவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மலைக்கு வரவில்லை, ஊரில் இருந்தார். மாடு கடைசித் தழையை இழுத்துக்கொண்டு திரும்பி, சரிவில் இறங்கிப் பனிக்குள் போனது. அதற்கும் கொஞ்சம் பிறகுதான் ஆமென் வந்தது. மெதுவாக, கைதட்டல் இல்லை.

குழந்தையை என்னிடம் திணித்துவிட்டுக் கணவர் இறங்கி ஓடினார். பாதி வழியில் நின்று, நடந்து போனார். மாடு வந்ததைத் தன் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் இனி இந்த மலைக்கே வரமாட்டாள், ஊர் போய்ச் சேர்ந்து சொல்லிக்கொள்கிறேன் என்று எங்களிடம் பிறகு கேட்டுக்கொண்டார்.

மிச்சம் கிடந்த கேரட்டை அந்தப் பெண்ணே மடியில் பொறுக்கி அடுப்படிக்குக் கொண்டுவந்தார். முகம் வெளுத்திருந்தது, குளிராகவும் இருக்கலாம். "நல்லாக் கழுவிட்டு வெட்டுங்கக்கா" என்று சமையலக்காவிடம் சொன்னார்.

இப்போது காணிக்கையை ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்து அங்கேயே ஜெபிக்கிறோம். பூண்டிக்காரர்களுக்கு அதில் மனக்குறைதான்.

அந்தப் பெண் இடையில் கண்ணைத் திறந்தாரா, தெரிந்துதான் மாமியாருக்காக அவ்வளவு நேரம் ஜெபித்தாரா என்பது எனக்குத் தெரியாது. கணவர் அவரிடம் சொன்னாரா என்றும் தெரியாது. அந்தக் குடும்பம் இதுவரை மறுபடி வரவில்லை.